வடக்குப் பாலத்துச் சாளை

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாவது நாளாக ஏலத்தில் எதிர்க்கடைக் காஸ்பர் என் விலை எல்லைக்கு ஒரு படி மேலே போய் நின்று சாளை மீன் முழுவதையும் தட்டிக்கொண்டு போனான். ஒரு நாள் என்றால் அவன் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். மூன்று நாளும் ஒருவன் சரியாக அந்த இடத்தில் வந்து நின்றால், யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.

என் எல்லை இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, தனிஸ்லாஸுக்கு. ஏலம் தொடங்குமுன் சரக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதுவரைக்கும் போ, மேலே போகாதே என்று அவன் காதில் சொல்வேன். அவன் முன்னால் நின்று கேட்பான், நான் அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோன பிறகு பதினோரு வருடமாக இதே முறைதான். தனிஸ்லாஸ் அவருடைய தம்பி, அண்ணன் பெண்டாட்டி என்று என்னை மயினி என்பான்.

ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. சந்தேகத்தை மனதில் வைத்தால் ஊறிப் பெருத்துவிடும். எழுதி வைத்தால் இருந்த அளவிலேயே இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

லாரிக்குப் பின் டயர் இரண்டும் மாற்றியாயிற்று.

ஜூன் 18, புதன்

கேரளா பார்ட்டிக்கு எடை அனுப்புவதற்கென்று கடையில் ஒரு டேப்லட் உண்டு. பெரும்பாலும் தனிஸ்லாஸ் கையில்தான் இருக்கும். இன்று அவன் பெட்டி ஏற்றப் போனபோது மேசைமேல் கிடந்தது. ஒரு சத்தம் வந்தது, வெளிச்சம் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் லாரி நம்பரும் பில்லும் படித்தே இங்கிலீஷ் எழுத்து வந்துவிட்டது.

"சாளை 40 ஆச்சு. நாளைக்கு ஆறு மணிக்கு வடக்குப் பாலம். மறந்துராதிய."

அனுப்பியவர் பெயர் நெத்திலி என்று இருந்தது. எந்தத் தாய் பிள்ளைக்கு நெத்திலி என்று பெயர் வைப்பாள்? மறைவுப் பெயர்தான்.

இன்று நாங்கள் எடுத்த சாளை சரியாக நாற்பது பெட்டி.

அவனிடம் கேட்கவில்லை. தூண்டில் போட்டவள் தண்ணீரைக் கலக்கமாட்டாள்.

ஜூன் 19, வியாழன்

ஆறு மணிக்கு ஓடைப் பாலத்துக்குப் போனேன். ஊருக்கு வடக்கே இருப்பது அது ஒன்றுதான். குடையைப் பிடித்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஆடு வந்தது. உப்பளத்து வேலை முடிந்து வந்த பெண்கள், "என்னக்கா, யாருக்குக் காத்திருக்கிய?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஏழு மணிவரை வேறு யாரும் வரவில்லை.

திரும்பி வந்தால் தனிஸ்லாஸ் கடையிலேயே உட்கார்ந்து டேப்லட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"எங்க போயிட்டு வாரிய மயினி?"

"பாலத்துக்கு."

"எந்தப் பாலம்?"

"ஓடைப் பாலம். காத்து வாங்க."

"அந்த நாத்தத்துலயா காத்து வாங்கப் போனிய?"

முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஒன்று, அவன் மனதில் ஒன்றும் இல்லை. இல்லாவிட்டால் பெரிய களவாணி. முதலாவதை நம்புவதற்கு நான் இவ்வளவு காலம் வியாபாரத்தில் இருக்கவில்லை.

ஜூன் 21, சனி

பாலம் கிடைத்துவிட்டது. டேப்லட்டுக்குள் இருக்கிறது.

பூனை மாதிரி அவன் பின்னால் போய் நின்றேன். நீலக் கடல், ஒன்பது தீவு, ஒரு மரப்பாலம். அதன்மேல் தொப்பி போட்ட பொம்மை ஒன்று தூண்டிலோடு நிற்கிறது.

"என்னல இது?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "கேம் மயினி. தீவு தீவாப் போயி புதையல் தேடணும், பூதத்தோட சண்டை போடணும். நடுவுல மீனும் பிடிக்கலாம்."

"நீ புதையல் தேடுத மாதிரி தெரியலையே."

"மீன்தான் பிடிக்கேன்."

"என்ன மீன்?"

"அதுல பேரு என்னமோ இங்கிலீஷ்ல இருக்கு. எங்க போட்டாலும் இதான் விழும். நாங்க சாளைன்னு வெச்சுக்கிட்டோம்."

நாங்கள் என்றான். சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டான். நான் கவனிக்காதது போல இருந்தேன்.

"இதுல பெரிய மீனே கெடையாதா?"

"இருக்கே. தங்கச் சுறா இருக்கு, விளக்கு மீன் இருக்கு. அதெல்லாம் நல்ல வெல."

"அப்ப ஏம்ல சாளைய பிடிக்க?"

"சும்மாதான்."

நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை, தங்கச் சுறா கிடைக்கிற கடலில் விலையில்லாத மீனைத் தினமும் சும்மா பிடிக்கிறானாம். சும்மா என்று யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கும். அந்தச் சாளை மீன் இல்லை, சேதி. நாற்பது என்று வந்த அன்று நாற்பது பெட்டி. இன்று திரையில் அறுபத்திரண்டு என்று இருந்தது. நாங்கள் எடுத்தது முப்பத்தொன்று. இரட்டிப்பாக்கிச் சொல்கிறான்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வரும்போது சலேத்தக்கா வழிமறித்தாள். தனிஸ்லாஸுக்கு ஒரு இடம் இருக்கிறதாம், பெண் டீச்சராம். சீசன் முடியட்டும் என்றேன். "ஒங்களுக்கு எப்பம்மா சீசன் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டாள். வாய்க்கொழுப்பு.

எனக்கு மட்டும் அவனுக்குக் கல்யாணம் நடக்கவேண்டாம் என்றா இருக்கிறது? வந்த இடமெல்லாம் சரியில்லை. மணப்பாட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை சென்னைக்கு வரவேண்டுமாம். வீரபாண்டியன்பட்டணத்துப் பெண்ணுக்கு மீன்வாடை ஆகாதாம். முதன்முதலில் வந்த வியாகுலத்தின் மகளுக்கு ஒரு காது கேட்காது. மற்றவர்களை மறந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் தகுந்த காரணம் இருந்தது.

மதியம் அவனுக்குப் பிடிக்குமென்று ஊளி மீன் குழம்பு வைத்தேன். தலையை அவன் தட்டில் போட்டேன். சந்தேகம் வேறு, சோறு வேறு.

ஜூன் 24, செவ்வாய்

இன்று பொறி வைத்தேன்.

காலையில் அவன் காதில், "இன்னைக்குச் சாளை வேண்டாம். பாறை மீன் மட்டும் கேளு" என்றேன். உண்மையில் எனக்குச் சாளைதான் வேண்டும், கோழிக்கோட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. கணக்கு என்னவென்றால், இவன் சேதி சொல்லியிருந்தால் காஸ்பர் சாளையில் அசட்டையாக இருப்பான். கடைசி நிமிடம் நானே வாய் திறந்து கேட்டுத் தட்டிவிடலாம்.

நடந்தது வேறு. நான் வாய் திறக்குமுன்பே காஸ்பர் சாளைமேல் பாய்ந்தான். விடவே இல்லை. தனிஸ்லாஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, "வேண்டாம்னிய?" என்றான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நான் சொன்னது பொய் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். பதினோரு வருடம் கூட இருந்தவனுக்கு என் முகம் படிக்கத் தெரியாதா?

ஜூன் 25, புதன்

மழை. வள்ளம் எதுவும் போகவில்லை. அவன் நாள் முழுவதும் பாலத்தில் நின்றான்.

ஜூன் 26, வியாழன்

ஏலத்துக்குப் போகிற வழியில் அவனாகவே ஆரம்பித்தான்.

"மயினி, ஒண்ணு சொல்லட்டா? கோவிக்கப்பிடாது."

"சொல்லு."

"இனிமே ஏலத்துல பின்னால வந்து நிக்காதிய. லாரிகிட்ட இருங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"ஏன்?"

"சும்மாதான். வெயிலு."

காலை ஆறு மணிக்கு வெயிலாம். முன்பு சாளைக்குச் சும்மா, இப்போது இதற்கும் சும்மா. நான் பார்க்காத இடத்தில் நின்று என்ன செய்ய நினைக்கிறான்? வேண்டுமென்றே இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றேன். காஸ்பர் இன்றும் என் எல்லைக்கு மேல் ஒரே ஒரு படி. கோழிக்கோட்டுக்காரர் இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் போனில் சொன்னார். கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றவள் நான். இந்த லாரிகளை யாரும் எனக்குச் சீதனமாகத் தரவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சாவியை வாங்கிவிட்டேன்.

பெட்டி கழுவுகிற பெண்கள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "காஸ்பர் ஒனக்கு என்ன தாரான்?"

முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் இறால் வெந்த மாதிரி சிவந்தது.

"மயினி, நீங்க என்ன சொல்லுதிய?"

"நெத்திலி யாரு? அத மட்டும் சொல்லு."

மேசைமேல் கிடந்த பில்லுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"சொல்ல முடியலன்னா கடச் சாவிய வெச்சுட்டுப் போ."

சாவியை வைத்தான். டேப்லட்டை வைத்தான். சட்டைப்பையிலிருந்து கடைப் பேனாவை எடுத்து அதையும் வைத்தான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"பதினோரு வருசத்துல ஒரு நாளாவது, ஒனக்கு என்ன வேணும் தனிஸுன்னு கேட்டிருக்கியளா? இன்னைக்குத்தான் மொதல்ல ஒரு கேள்வி கேட்டிய. அதுவும் காஸ்பர் என்ன தாரான்னு."

பதில் சொல்லாமல் பேசுகிறவன் குற்றவாளி. செய்தது சரிதான்.

ஜூன் 28, சனி

என் வீட்டில் அவன் இருந்த மாடி அறையையும் காலி செய்துவிட்டான். நான் போகச் சொன்னது கடையிலிருந்து மட்டும்தான். காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

நினைத்தது நடந்தது. ஏலக்கூடத்தில் காஸ்பர் பக்கத்தில் தனிஸ்லாஸ் நிற்கிறான். மூன்று நாளில் புது முதலாளி. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் முதல் குவியலுக்குப் பக்கத்தில் போனேன். உடனே தனிஸ்லாஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தான், நேராக டீக்கடைக்கு. காஸ்பர் கத்தினான்:

"ஏ தனிஸு! எங்கல போற? ஏலம் நடக்குல்லா!"

"மயினி நிக்காக. அவுக நிக்கிற ஏலத்துல நான் நிக்கமாட்டேன்னு சொல்லித்தான ஒங்ககிட்ட வேலைக்கு வந்தேன்."

"ஒன் மயினி எல்லா ஏலத்துலயும்தான் நிப்பா! அப்ப நீ டீ குடிக்கவா சம்பளம்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. நாடகம். எனக்கென்று நடிக்கிறார்கள்.

நானே ஏலம் கேட்டேன். தொண்டை கட்டிவிட்டது. தனிஸ்லாஸ் இல்லாமலேயே காஸ்பர் சரியாக என் எல்லையில் என்னை அடித்தான். என் எல்லையை இன்று நான் யார் காதிலும் சொல்லவில்லை.

இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

சோதித்தேன். சாளைக்குப் போனேன், தனிஸ்லாஸ் வெளியே போனான். பாறைக்கு நகர்ந்தேன், அவன் சாளைக்கு வந்தான். எனக்கு வேண்டாத திருக்கைக்குப் போய் நின்றேன், அங்கேயும் வந்தவன் மறுபடி வெளியே. அரைமணி நேரம் இரண்டு பேரும் கூடத்தைச் சுற்றினோம். ஏலக்காரர், "எக்கா, சரக்கு எடுக்க வந்தியளா, அவன வெரட்ட வந்தியளா?" என்றார்.

நாடகமென்றால் இத்தனை காட்சி தாங்காது. எங்கோ கணக்கு தப்பியிருக்கிறது. என் கணக்காக இருக்காது.

ஜூலை 2, புதன்

மத்தியானம் கடையை உள்ளே பூட்டிக்கொண்டு டேப்லட்டைத் திறந்தேன். அந்த விளையாட்டைத் தொட்டேன். பொம்மை அதே பாலத்தில், விட்ட இடத்திலேயே நிற்கிறது.

எதை அமுக்குவது என்று தெரியாமல் இரண்டு முறை கடலில் விழுந்தேன். பிறகு தூண்டில் பிடிபட்டது. மிதப்பு அமிழும்போது தொட்டால் போதும், மீன் மேலே வந்துவிடும். சாம்பல் நிறத்தில் சப்பையாக ஒரு மீன். கீழே இங்கிலீஷில் காமன், சாதாரண மீன் என்று எழுதியிருந்தது. ஐந்து பிடித்தேன், பத்து பிடித்தேன். இதற்கு ஒரு திறமையும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடிக்கலாம்.

அப்போது பாலத்தின் மறுமுனையிலிருந்து, ஓலைத் தொப்பி போட்ட பெண் பொம்மை ஒன்று ஓடிவந்து என் பக்கத்தில் நின்றது. தலைக்குமேல் நெத்திலி என்று பெயர். தூண்டிலை எடுத்து அதுவும் பிடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுத்து வந்தது.

"மயினிதான?"

எப்படித் தெரிந்தது என்று எழுத எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

"அவரு இப்ப எங்க கடையில எனக்கு முன்னாலதான் நிக்காரு. அவரு கையில இது இல்ல. அப்ப நீங்கதான். மெதுவா அடிங்க, அவசரமில்ல. நான் மீன் பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

"நீ யாரு?"

"ஜெனோவா. வியாகுலம் மக. காஸ்பர் கடையில எட போடுதேன்."

வியாகுலத்தின் மகள். ஒரு காது கேட்காத பெண்.

போனில் பேசினால் அவளுக்குப் பாதி புரியாது, கடைச் சத்தத்தில் சுத்தமாகக் கேட்காது. அதனால் இங்கே வந்து எழுத்தில் பேசுகிறார்களாம். மூன்று வருடமாக. தங்கச் சுறா கிடைக்கிற கடலில் சாளை எதற்கு என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன், என் புத்தி அப்படி.

"பெரிய மீனுன்னா கண்ணு அதுலயே இருக்கணும், பேச முடியாது. சாளைன்னா கை பாட்டுக்குப் பிடிக்கும். எண்ணிக்கைய மட்டும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிடுவோம். அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னோம்னு அதுலதான் தெரியும்."

நாற்பது என்பது அதுதான். அறுபத்திரண்டும் அதுதான்.

"அப்ப என் எல்ல காஸ்பருக்கு எப்படித் தெரியுது? நீ சொல்லலன்னா யாரு சொன்னா?"

இதற்குப் பதில் வருவதற்குள் அவள் மூன்று மீன் பிடித்துவிட்டாள்.

"நீங்கதான் சொல்லுதிய. ஒரு சரக்கு வேணும்னு மனசுல முடிவு பண்ணிட்டா, மீன்தண்ணி படாம இருக்க, சேலக் கரையத் தூக்கி இடுப்புல செருகுதிய. ஒங்க எல்ல வந்துட்டா அவுத்து விட்டுருதிய. இவரு ஒங்களுக்கு முன்னால நிக்காரு, இவருக்குத் தெரியாது. எங்க மொதலாளி எதுத்தாப்புல நிக்காரு. போன மாசம் அவரே கடையில சொல்லிச் சிரிச்சாரு. நான்தான் இவருகிட்ட சொன்னேன். மொதலாளிக்குத் துரோகம்தான், சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். இவரு ஒங்ககிட்ட சொல்லலியா?"

"லாரிகிட்ட நிக்கச் சொன்னான்."

"அவ்வளவுதான் சொன்னாரா? காரணத்தச் சொன்னா யாரு சொன்னான்னு கேப்பிய. என் பேரு வந்தா என் வேல போயிரும்னு பயந்திருப்பாரு. கூறுகெட்டவரு."

கூறுகெட்டவர் என்று அவள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான்தான் அவனை அப்படித் திட்டுவது வழக்கம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். மூன்று வருடம் சாளை பிடிக்கிறவர்கள் ஏன் கல்யாணம் செய்யவில்லை?

"எங்கம்மா விடமாட்டா. மாப்பிள வீட்டுலருந்து ஆளு வந்து கேக்கணும்ங்கா. வேற யாரும் இல்ல, அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன வாயே வந்து கேக்கணுமாம். அவரு ஒங்ககிட்ட கேக்கணும் கேக்கணும்பாரு. அப்புறம் சீசன் முடியட்டும்பாரு."

ஜூலை 3, வியாழன்

எதையும் சோதிக்காமல் நம்பமாட்டேன். நேற்று இரண்டு மணிக்கே ஐஸ் இல்லாமல் வந்த சாளை ஒரு குவியல் கிடந்தது. கண் சிவந்து, வயிறு உடைந்து. அதற்கு முன்னால் போய் நின்று, சேலைக் கரையைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகினேன்.

காஸ்பர் பாய்ந்து வந்தான். நான் ஏற்றினேன், அவன் ஏற்றினான். நான்கு படி ஏறியபின் கரையை அவிழ்த்துவிட்டேன். அவன் ஒரு படி மேலே வைத்து, அழுகின சாளையை நல்ல சாளை விலைக்கு எடுத்தான். பிறகுதான் குனிந்து பார்த்தான். கூடம் ஒரே சிரிப்பு. ஏலக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

இத்தனை வருடத்தில் இவ்வளவு நன்றாக நான் யாரையும் கவிழ்த்ததில்லை. பக்கத்தில் யாரிடமாவது சொல்லலாமென்று திரும்பினேன். யாரும் இல்லை.

டீக்கடைக்குப் போனேன். தனிஸ்லாஸ் எழுந்து நின்றான்.

"ஜெனோவாகிட்ட பேசிட்டேன்."

"சொன்னா."

"நீ காஸ்பருக்குச் சொல்லலன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்பி வா. சாவி மேசைமேலதான் கெடக்கு."

அவன் கிளாசைக் கீழே வைத்தான். "வரல மயினி."

"பங்கு தாரேன். பாதி."

"இத முன்னாலயே தந்திருந்தா சந்தோசமா வாங்கியிருப்பேன். இன்னைக்கு வேண்டாம். கோவமெல்லாம் இல்ல. ஒங்க பின்னால நின்னு... இல்ல, முன்னால நின்னு காலம் போயிட்டு. எனக்குன்னு ஒரு எடத்துல நின்னு பாக்கேன்."

"அப்ப வீட்டுக்கு?"

"வீட்டுக்கு வராம எங்க போவேன். கூப்பிட்டா வாரேன்."

நான் அதிகமாகக் கொடுக்கிறேன் என்று சொல்லியும் ஒருவன் வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை. எந்த விலைக்குச் சம்மதிப்பான் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 5, சனி

ஐஸ் இருபது பார் சொல்லியாயிற்று. பெட்டி கழுவுகிற செல்லம்மாளுக்குக் காய்ச்சல், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். பீரோவில் துணி எடுக்கப்போய் நல்ல சேலை எது என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

நான் வியாகுலம் வீட்டுக்குப் போனால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அவன் கடைக்கு வரப்போவதில்லை. கல்யாணமானால் மாடி அறைக்கும் வரப்போவதில்லை. காஸ்பர் கடைக்கு வேலையாளாக ஒரு நல்ல ஜோடி கிடைக்கும், எனக்கு அவமானம் கிடைக்கும். எந்தப் பக்கம் கூட்டினாலும் நட்டம்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து நேரே போனேன். தனியாகத்தான் போனேன். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு முழம் பூ.

வியாகுலம் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். உட்காரச் சொல்லாமல் உள்ளே போய், கொடியில் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு வந்தாள். கால் மணி நேரம் நின்றேன். நானாக இருந்தால் அரைமணி நேரம் நிற்க வைத்திருப்பேன்.

"என்ன காரியமா வந்திய?"

"தனிஸ்லாஸுக்கு ஒங்க மகளக் கேட்டு வந்திருக்கேன்."

"எம் மகளயா? அவளுக்கு ஒரு காது கேக்காதே. மறந்துட்டியளா?"

"மறக்கல."

"அன்னைக்கு ஊரு பூரா சொன்னியளே. எடபோடுத கடைக்குக் காது கேக்காதவ எதுக்குன்னு. இன்னைக்கு அவ எடபோட்டுத்தான் காஸ்பர் கட ஓடுது."

ஜெனோவா அடுக்களை வாசலில் நின்றாள். முப்பத்தாறு வயது இருக்கும். நல்ல காதை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

வரும் வழியில் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன். நேரம் சரியில்லை, கெட்டவர்கள் பேச்சைக் கேட்டேன் என்று. ஒன்றும் வாயில் வரவில்லை. இந்த டைரியில்கூட எழுதாததுதான் வந்தது.

"காது ஒரு சாக்கு. அப்ப எங்க வீட்டுக்காரவுக போயி ஆறு மாசம்தான் ஆயிருந்துது. ஏலத்துல நிக்க எனக்கு ஆளு வேணும். வீட்டுல சத்தம் கேக்க ஒரு ஆளு வேணும். இவனுக்கு ஒருத்தி வந்துட்டா போயிருவான்னு தெரியும். அதான் வேண்டாம்னேன். அப்புறம் வந்ததயெல்லாம் அதுக்காகத்தான் வேண்டாம்னேன்."

வியாகுலம் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இப்ப ஆளு வேண்டாமா?"

"வேணும். இருந்தாலும் கேக்கேன்."

அவள் தட்டை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள். உட்கார்ந்தேன். ஜெனோவா வந்து தட்டை என் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வியாகுலம் டீ கொண்டுவந்தாள். அதில் சர்க்கரை இல்லை. போட மறந்தாளா, வேண்டுமென்றே போடவில்லையா, தெரியவில்லை. கேட்கவில்லை. முழுவதும் குடித்தேன்.